சாம்பற் செடியும் எல்லைக் கோடும்



நாடுகளின் வரலாற்றை அரசர்களின் வரிசையைக் கொண்டும் போர்களின் ஆண்டுக் கணக்கைக் கொண்டும் கற்பது பொதுவான வழக்கம். ஆயினும் செடி கொடிகளைத் தொடர்ந்து சென்றும் வரலாற்றைக் கற்கலாம். மிளகைத் தேடி வந்த கப்பல்கள் கீழை நாடுகளின் போக்கை மாற்றின. அவுரியும் தேயிலையும் நம் நாட்டு உழைப்பாளரின் வாழ்வை எவ்வாறு புரட்டின என்பதை நாம் அறிவோம். அவையெல்லாம் பொருள் குவித்த பயிர்கள். எவருக்கும் பெரும்பொருள் ஈட்டித் தராத ஒரு காட்டுப் புதருக்கும் வரலாறு உண்டு என்பதையே இவ்வுரையில் கூற விழைகிறேன். அப்புதருக்கு வழங்கிய பெயர்களைப் பற்றிக்கொண்டு சென்றால், இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவே ஓர் எல்லைக்கோடு எவ்வாறு இடம்பெயர்ந்தது என்பது விளங்கும்; அக்கோட்டைக் காணச் சென்ற இரு மனிதர்களின் வாழ்வு எவ்வாறு முடிந்தது என்பதும் விளங்கும்.

வட அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் தென்பகுதியும், மெக்சிகோ நாட்டைச் சேர்ந்த கோவாயிலா, நுவோ லியோன், தமௌலிபாஸ் என்னும் மாநிலங்களும் கூடுமிடம் வறண்ட நிலம். சுண்ணாம்புப் பாறையும் சரளைக் கல்லும் விரவிய மண். கோடையிலோ கொடிய வெயில். மழை எப்போது வரும் என்று எவரும் உறுதி கூற இயலாது. முள் மரங்களும் கள்ளியும் மண்டிய அந்நிலத்தில் ஆங்காங்கே சில புதர்கள், யாரோ சாம்பலை அள்ளித் தூவியதுபோல், வெளுத்து நிற்கும். ஆளுயரம் வளர்வன, சில எட்டடி வரையிலும் உயரும். இலை ஓரங்குலத்திற்கு மேற்படாது. அவ்விலையின்மேல் நுண்ணிய மயிர்கள் கிளைகிளையாகப் பிரிந்து அடர்ந்திருக்கின்றன. அவை கதிரவனின் ஒளியைத் திருப்பி எறிகின்றன. இலையிலுள்ள நீர் விரைந்து ஆவியாகிப் போகாமலும் தடுக்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு வெள்ளி முலாம் பூசியதுபோல் தோன்றுவது, செடிக்கு வெயிலைத் தாங்கும் போர்வை.

இவ்வாறு மாதக்கணக்கில் சாம்பல் நிறமாகவே நிற்கும் புதர், நல்ல மழையொன்று பெய்து மண்ணும் காற்றும் ஈரமானால், சில நாட்களுக்குள் தலை முதல் அடி வரை பூத்துவிடும். ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். மணி போன்ற வடிவம். வாயில் ஐந்து மடல்கள். இலையே தெரியாதபடி மலர்கள் மூடிக்கொள்ளும். விரைவில் அவை உதிர்ந்துபோகும். அடுத்த மழைக்குச் செடி மீண்டும் பூக்கும். அந்நாட்டு மேய்ப்பரும் உழவரும் இதனைப் 'பாரமானிப் புதர்' என்றே அழைத்தனர். பருவமல்லாத மழையைக் கார் என்று மயங்கிக் கொன்றை பூத்துவிட்டது என்று கூறித் தலைவியைத் தேற்றும் தோழியைச் சங்கப் பாடலில் நாம் காண்கிறோம். இப்புதருக்கு அம்மயக்கம் ஏற்பட வழியில்லை. மழை என்று வந்ததோ, அன்றே அதற்குக் கார்காலம்.

பெயர்களும் பொருளும்

ஸ்பானிய மொழியில் 'செனிசா' என்றால் சாம்பல். அம்மொழி பேசும் மெக்சிகோ மக்கள் இப்புதரைச் 'செனிசோ' என்கின்றனர். 'சாம்பலன்' என்று தமிழில் சொல்லிவிடலாம். அதன் இலையையும் மலரையும் நீரிலிட்டுக் காய்ச்சிச் சளிக்கும் காய்ச்சலுக்கும் பருகுவது அவர்களது கைமருத்துவம். ஆங்கிலம் பேசும் குடியேறிகள் இலையின் நிறத்தைக் கண்டு, தம் சமையலுக்குரிய மணச்செடியாகிய 'சேஜ்' என்பதன் பெயரை இதற்கு இட்டு, 'டெக்சஸ் சேஜ்' என்றனர். உண்மையில் அந்தச் சேஜ் நம் துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. இப்புதருக்கும் அதற்கும் உறவு இல்லை. தாம் விட்டு வந்த ஊரில் கண்ட பொருளின் பெயரை, வந்த ஊரில் கண்ட பொருளுக்குச் சூட்டிவிடுவது குடிபெயர்ந்தோர் எல்லோருக்கும் உள்ள இயல்பு.

தாவரவியலாருக்கோ இது 'லூக்கோபில்லம் புரூட்டசென்ஸ்'. முற்சொல் கிரேக்கம், 'வெள்ளிலை' என்பது பொருள். பிற்சொல் இலத்தீன்; 'புதராக வளர்வது' என்பது பொருள். இரண்டு சொற்களும் சேர்ந்து, பார்த்த மாத்திரத்தில் எவரும் சொல்லக்கூடியதையே சொல்கின்றன. ஆனால் முதன்முதல் இச்செடிக்கு அறிவியல் முறைப்படி பெயரிட்டவர் அதற்குச் சூட்டிய பெயர் வேறு. 'தெரானியா' என்று அவர் அழைத்தார். அது ஒரு மனிதரின் பெயர். அம்மனிதர் யார், அவர் பெயர் செடிக்கு வந்தது எவ்வாறு, பின்பு அது மறைந்தது எவ்வாறு என்பதே நம் கதை.

எல்லை காணச் சென்ற குழு

1819-ஆம் ஆண்டில் ஸ்பெயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அமெரிக்க நாட்டின் லூயிசியானாவுக்கும் ஸ்பெயினின் உடைமையாகிய டெக்சசுக்கும் நடுவே சபைன் ஆறு எல்லையாகும் என்று அதில் எழுதப்பட்டது. இரண்டு ஆண்டுகளில், 1821-இல், மெக்சிகோ ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றது. டெக்சஸ் மெக்சிகோவுக்கு உரியதாயிற்று. எல்லையோ காகிதத்தில் மட்டும் இருந்தது. நிலத்தில் சென்று அதனைக் காண்பதற்காக மெக்சிகோ அரசு எல்லைக் குழு ஒன்றை நியமித்தது. 1827-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் அக்குழு மெக்சிகோ நகரிலிருந்து புறப்பட்டது.

குழுவின் தலைவர் தளபதி மனுவேல் தே மியேர் இ தெரான். 1789-இல் பிறந்தவர். சுரங்கக் கல்லூரியில் கணிதமும் பொறியியலும் கற்று, விடுதலைப் போரில் புகுந்து படைத்தலைவரானவர். போர்த்துறை அமைச்சராகவும் இருந்தவர். வாளையும் கோணமானியையும் ஒருங்கே பயன்படுத்தத் தெரிந்த மனிதர்கள் எந்நாட்டிலும் சிலரே. அவர்களுள் அவர் ஒருவர். அவருடன் கனிமவியலார் ரபயேல் சோவெல், ஓவியமும் நில வரைபடமும் வல்ல ஹோசே மரியா சாஞ்செஸ் முதலியோர் சென்றனர். செடிகளையும் விலங்குகளையும் ஆராயும் பொறுப்பு, இருபது வயதைச் சற்றே கடந்த ஓர் அயல்நாட்டு இளைஞருக்கு அளிக்கப்பட்டது. அவர் பெயர் ழான் லூயி பெர்லாண்டியே.

பெர்லாண்டியே ஜெனீவா நகரை அடுத்த எல்லைப் பகுதியில் பிறந்தவர். மருந்துக் கடையில் வேலை பழகியவர். ஐரோப்பாவின் தலைசிறந்த தாவரவியலாருள் ஒருவராகிய தெ காந்தோல் அவர்களின் மாணவர். மெக்சிகோவின் செடிகளைத் திரட்டி அனுப்ப வேண்டும் என்று ஆசிரியர் அவரை 1826-இல் கடல் கடந்து அனுப்பினார். தெ காந்தோலின் நண்பரும் மெக்சிகோவின் அரசியல் தலைவருமான லூக்காஸ் அலமான் என்பவரின் துணையால் எல்லைக் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது.

1828 பிப்ரவரியில் குழுவினர் ரியோ கிராண்டே ஆற்றங்கரையிலுள்ள லாரேடோ என்னும் சிற்றூரை அடைந்தனர். மார்ச்சு முதல் நாள் சான் அந்தோனியோ சேர்ந்தனர். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட வழி, சாம்பற் செடி இயல்பாக வளரும் நிலத்தின் ஊடே செல்வது. வரைபடக்காரர் வரைந்தார், கனிமவியலார் கல்லைத் தட்டினார், பெர்லாண்டியே செடிகளைப் பறித்துத் தாள்களுக்கிடையே வைத்து அழுத்தினார். பயணம் கிழக்கே சென்றபோது மழையும் சேறும் கொசுவும் சூழ்ந்தன. முறைக்காய்ச்சலால் வருந்திய பெர்லாண்டியே வழியிலேயே திரும்பினார். தெரான் மேற்சென்று, சூன் 3-ஆம் நாள் கிழக்கு எல்லையை அடுத்த நாகடோச்சஸ் என்னும் ஊரை அடைந்தார்.

தெரான் கண்டதும் அஞ்சியதும்

நாகடோச்சசில் தளபதி கண்டது அவர் நெஞ்சை உறுத்தியது. அம்மாத இறுதியில் குடியரசுத் தலைவர் குவாதலூப்பே விக்டோரியாவுக்கு அவர் நீண்ட கடிதம் எழுதினார். சான் அந்தோனியோவிலிருந்து கிழக்கே செல்லச் செல்ல மெக்சிகோவின் செல்வாக்கு தேய்ந்து, இறுதியில் இல்லை என்றே சொல்லும் நிலை வந்துவிட்டது. அங்கே மெக்சிகர் ஒருவருக்கு அயலார் பதின்மர் இருக்கின்றனர். பள்ளி நடத்துவோரும் அவர்களே, கடை நடத்துவோரும் அவர்களே. அரசின் சட்டமோ அலுவலரோ அவர்களை எட்டவில்லை என்பது அக்கடிதத்தின் சாரம்.

அங்கு வந்து குடியேறியவர்களில் பெரும்பாலோர் நிலம் தேடி வந்த எளிய குடும்பத்தினர். மெக்சிகோ அரசே நிலம் தருவதாக அழைத்தமையால் வந்தோரும் பலர். அவர்களுள் ஒரு பகுதியினர் பருத்தி விளைவிப்பதற்காக நீக்ரோ அடிமைகளையும் உடன் கொண்டு வந்தனர். மெக்சிகோவின் தலைவர் கெர்ரேரோ 1829 செப்டம்பரில் அடிமை முறையை ஒழித்து ஆணை பிறப்பித்தார். ஆனால் டெக்சஸ் குடியேறிகளின் எதிர்ப்பால் ஆண்டு முடிவதற்குள் டெக்சசுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. இரு சாராருக்கும் நடுவே மொழியும் சமயமும் மட்டுமன்றி, மனிதனை மனிதன் உடைமையாகக் கொள்ளலாமா என்னும் வினாவும் நின்றது.

1829-இல் மெக்சிகோவை மீண்டும் கைப்பற்றப் படையெடுத்து வந்த ஸ்பானியரைத் தம்பிக்கோ துறைமுகத்தில் வென்ற தளபதிகளுள் தெரானும் ஒருவர். அவர் புகழ் ஓங்கியது. அவருடைய எச்சரிக்கைகளை ஏற்று, 1830 ஏப்ரல் 6-ஆம் நாள் அரசு சட்டம் ஒன்று இயற்றி, ஐக்கிய நாடுகளிலிருந்து டெக்சசுக்குக் குடியேறுவதைத் தடுத்தது. கோட்டைகள் எழுந்தன, சுங்கச் சாவடிகள் எழுந்தன. ஆனால் சட்டத்தை நிறைவேற்றப் போதிய படையுமில்லை, பணமுமில்லை. வருவோர் வந்துகொண்டே இருந்தனர். முன்பே வந்து உழுது பயிரிட்டு வாழ்ந்தோரோ தம்மை அரசு ஐயுறுகிறது என்று கண்டு மனம் கசந்தனர். வாயிலை அகலத் திறந்து வைத்து, வந்தோரை நெடுங்காலம் ஏறெடுத்தும் பாராதிருந்து, பின்பு ஒரே நாளில் கதவை அடைக்க முயன்றதன் விளைவு இது. தெரான் நோயை முதலில் கண்டறிந்தவர். மருந்து மட்டும் அவர் கையில் பலிக்கவில்லை.

இதற்கிடையே தலைநகரில் கட்சிப் பூசல் உள்நாட்டுப் போராக மூண்டது. உடல் நலமும் உள்ளமும் குன்றிய தெரான், தமௌலிபாஸ் மாநிலத்துப் பாடில்லா என்னும் சிற்றூரில் தங்கியிருந்தார். மெக்சிகோவின் முதற் பேரரசராக முடிசூடிக்கொண்ட இத்தூர்பிதே 1824-இல் சுட்டுக் கொல்லப்பட்டது அவ்வூரில்தான். 1832 சூலை 2-ஆம் நாள், தெரான் தம் நண்பர் அலமானுக்கு இறுதிக் கடிதம் எழுதினார். டெக்சஸ் கைநழுவுகிறது என்னும் துயரமே அதில் நிறைந்திருந்தது. மறுநாட் காலை, படையுடை தரித்து ஊர்க் கோயிலின் பின்புறம் சென்று, தம் வாளின்மேல் தாமே வீழ்ந்து மாண்டார். இத்தூர்பிதேயைப் புதைத்த குழியிலேயே அவரையும் புதைத்தனர். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று.

அதே 1832-ஆம் ஆண்டில் எல்லைக் குழுவின் குறிப்புகள் அச்சேறின. அந்நூலில்தான் பெர்லாண்டியே சாம்பற் செடியை வருணித்து, அதற்குத் 'தெரானியா புரூட்டசென்ஸ்' என்று பெயர் சூட்டியிருந்தார். நிலத்தை அளக்கத் தம்மை அழைத்துச் சென்ற தலைவருக்கு அந்நிலத்துச் செடி ஒன்றையே காணிக்கையாக்கினார் இளைஞர்.

ஆசிரியரின் குறையும் மாணவரின் உழைப்பும்

பெர்லாண்டியே ஜெனீவாவுக்குத் திரும்பவில்லை. ரியோ கிராண்டே கடலிற் கலக்குமிடத்தை அடுத்த மாதாமோரோஸ் நகரில் குடியேறி, அந்நாட்டுப் பெண்ணை மணந்து, மருந்து தந்து நோய் தீர்ப்பதைத் தொழிலாகக் கொண்டார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் செடி, விலங்கு, பழங்குடி மக்களின் வழக்கம், தட்பவெப்பம் ஆகியவற்றைப் பற்றிக் குறிப்பெழுதினார். பின்னாளில் அமெரிக்கப் படை மாதாமோரோசைப் பிடித்தபோது, நகரின் மருத்துவமனைகளைக் கவனித்தவர் அவர். இரு தரப்பாருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராக நின்றவரும் அவரே. இரு பகைவருக்கு நடுவே நின்று ஒருவர் சொல்லை மற்றவர் சொல்லாக்குவோன் வரலாற்று நூல்களில் ஒரு வரிக்கு மேல் இடம்பெறுவதில்லை. ஆனால் அன்று அவன் சொல்லைப் பிழைபடச் சொல்லியிருந்தால் வரலாறு வேறு வகையாக நடந்திருக்கும்.

தெ காந்தோல் தம் மாணவரின் பெயரால் 1836-இல் 'பெர்லாண்டியரா' என்று ஒரு செடியினத்திற்குப் பெயரிட்டார். அவ்வாறு சிறப்பித்தவரே தம் வாழ்க்கைக் குறிப்பில், பெர்லாண்டியே அனுப்பியவை சிலவே என்றும், அவையும் செம்மையாகப் பதப்படுத்தப்படவில்லை என்றும், செலவிட்ட பணத்திற்கு அவை ஈடாகா என்றும் குறைகூறி எழுதிவைத்தார். தெ காந்தோல் 1841-இல் மறைந்தார். அக்குறிப்பு அச்சானது 1862-இல். அதற்குப் பதினோராண்டு முன்பே, 1851-இல், மாதாமோரோசுக்குத் தெற்கே சான் பெர்னாண்டோ ஆற்றைக் கடக்கையில் வெள்ளத்தில் மூழ்கிப் பெர்லாண்டியே இறந்துபோயிருந்தார். ஆகவே மறுமொழி கூற ஆளில்லை.

அவருக்காகப் பேசியவை அவர் விட்டுச் சென்ற பெட்டிகள். 1853-இல் அமெரிக்கப் படை அதிகாரி டேரியஸ் கவுச் மாதாமோரோஸ் சென்று, பெர்லாண்டியேயின் மனைவியிடமிருந்து திரட்டுகளையும் கையெழுத்துப் படிகளையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள் பல பின்பு ஸ்மித்சோனியன் நிறுவனம், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் முதலிய இடங்களைச் சேர்ந்தன. 1937-இல் சாமுவேல் வுட் கைசர் என்னும் அறிஞர் டெக்சஸ் எல்லையின் இயற்கை ஆய்வாளர்களைப் பற்றி நூலெழுதியபோது, பழைய கணக்குகளை ஆராய்ந்து, பெர்லாண்டியே ஜெனீவாவுக்கு அனுப்பிய உலர்செடிகள் பல்லாயிரம் என்று எடுத்துக் காட்டி, ஆசிரியரின் பழி பொருந்தாது என்று நிறுவினார். அவர் எழுதிய டெக்சஸ் பழங்குடிகள் பற்றிய நூல் 1969-இலும், மெக்சிகோ பயண நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1980-இலும் வெளியாயின. உழைத்தவர் மறைந்து ஏறக்குறைய 130 ஆண்டுகள் கழிந்தே அவ்வுழைப்பு முழுமையாக அச்சில் வந்தது.

ஆறு நகர்ந்த கதை

தெரான் அஞ்சியவாறே 1836-இல் டெக்சஸ் குடியேறிகள் மெக்சிகோவிலிருந்து பிரிந்து தனிக் குடியரசு அமைத்தனர். 1845-இல் அக்குடியரசு ஐக்கிய நாடுகளுடன் இணைந்தது. அப்போது எழுந்த வினா, டெக்சசின் தெற்கு எல்லை எது என்பது. நுயேசஸ் ஆறே எல்லை என்றது மெக்சிகோ; அதற்கும் தெற்கே ஓடும் ரியோ கிராண்டேதான் எல்லை என்றது டெக்சஸ். இவ்விரண்டு ஆறுகளுக்கும் இடையே கிடந்த வறண்ட நிலம் எது என்று நினைக்கிறீர்கள்? சாம்பற் செடி வளரும் நிலத்தின் ஒரு பெரும்பகுதியே அது.

1846 ஏப்ரலில் அந்நிலத்தில் முதல் துப்பாக்கி வெடித்தது. மே 8, 9 ஆகிய நாட்களில் பாலோ ஆல்ட்டோ, ரெசாக்கா தே லா பால்மா என்னும் இடங்களில் பெரும்போர் நிகழ்ந்தது. 1848-இல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையின்படி ரியோ கிராண்டே எல்லையாயிற்று. கலிபோர்னியா முதலான பெரும் நிலப்பரப்பும் மெக்சிகோவின் கையை விட்டுப் போயிற்று. லாரேடோ ஊர் ஆற்றின் வடகரையில் இருந்தமையால் ஒரு நாளில் அமெரிக்க ஊராயிற்று. மெக்சிகோவைவிட்டு நீங்க மனமில்லாத குடும்பங்கள் தென்கரைக்குச் சென்று, நுவோ லாரேடோ, அதாவது புது லாரேடோ, என்று தங்கள் ஊரை வளர்த்துக்கொண்டன. முன்னோரின் எலும்புகளையும் தோண்டி எடுத்துக்கொண்டு அவர்கள் ஆற்றைக் கடந்தனர் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. பிறந்த ஊரைவிட்டு வேற்றிடத்தில் வாழும் எவரும் அச்செய்தியின் கனத்தை உணர்வர். எடுத்துச் செல்ல முடிந்ததை எடுத்துச் சென்றனர். எடுக்க முடியாத மண் அங்கேயே நின்றது. இரு கரையிலும் அதே சாம்பற் செடி அதே மழைக்குப் பூத்தது.

பெயரின் வழக்கு

போர் மூண்ட அதே 1846-ஆம் ஆண்டில் செடியின் பெயரிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. தெ காந்தோல் தொடங்கி அவர் மகன் தொடர்ந்து வெளியிட்டு வந்த தாவரவியல் பெருநூலின் பத்தாம் தொகுதியில், ஆங்கிலேய அறிஞர் ஜார்ஜ் பெந்தம் இச்செடியை 'லூக்கோபில்லம் டெக்சானம்' என்று குறித்தார். 'டெக்சசுக்கு உரிய வெள்ளிலை' என்பது பொருள். செடியோ மெக்சிகோவின் மூன்று மாநிலங்களிலும் பரவி வளர்வது. நாடு ஒரு கொடியின் கீழ்ச் சென்றதுபோல் செடியின் பெயரும் சென்றது. பெந்தம் அரசியல் எண்ணத்தோடு அவ்வாறு செய்தார் என்று சொல்வதற்கில்லை; கிடைத்த உலர்செடியின் ஊரைக் கொண்டு பெயரிடுதல் தாவரவியலாரின் வழக்கமே. ஆயினும் அடுத்த எழுபத்தைந்து ஆண்டுக்கு மேலாக அப்பெயரே செல்வாக்குப் பெற்றிருந்தது.

தாவரவியலில் ஒரு நெறியுண்டு: முதலில் முறைப்படி பெயரிட்டவரின் சொல்லுக்கே முதலுரிமை. அந்நெறி பெர்லாண்டியேக்கு ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தது. இவ்வினத்தைச் சேர்ந்த வேறொரு மெக்சிகோச் செடிக்கு, ஹம்போல்ட்டுடன் அந்நாட்டில் பயணம் செய்த பான்பிளான், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 'லூக்கோபில்லம்' என்று பெயரிட்டுவிட்டார். எனவே 'தெரானியா' என்னும் இனப்பெயர் நிலைக்க இடமில்லை. ஆனால் 'புரூட்டசென்ஸ்' என்னும் சிறப்புப்பெயர் பெந்தம் இட்ட 'டெக்சானம்' என்பதற்குப் பதினான்கு ஆண்டு மூத்தது. 1924-இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐவன் ஜான்ஸ்டன் இதனைச் சுட்டிக்காட்டி, 'லூக்கோபில்லம் புரூட்டசென்ஸ்' என்று பெயரைத் திருத்தினார். பெர்லாண்டியே கண்டெடுத்த சொல் மீண்டது. அவர் தலைவரின் பெயர் மீளவில்லை. அப்பகுதியில் வாழும் ஆமை ஒன்றும் தவளை ஒன்றும் முள்மரம் ஒன்றும் பெர்லாண்டியேயின் பெயரை இன்றும் தாங்குகின்றன. தெரானுக்குக் கிடைத்த செடியோ கைமாறிப் போயிற்று.

காட்டிலிருந்து தோட்டத்திற்கு

நெடுங்காலம் இதனை மேய்ச்சல் நிலத்துக் காட்டுப் புதர் என்றே மக்கள் கருதினர். மழை மிகுந்த நாடுகளின் தோட்டக் கலையைப் பார்த்து, பச்சைப் புல்தரையே தோட்டத்திற்கு அழகு என்று எண்ணிய காலம் அது. புல்தரைக்கு நாள்தோறும் நீர் வேண்டும். வறண்ட நகரங்களில் நீர் எங்கிருந்து வரும்? 1981-இல் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரின் நீர் வழங்கும் துறையினர், குறைந்த நீரில் தோட்டம் அமைக்கும் முறைக்கு, 'உலர்ந்த' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லைச் சேர்த்து 'சீரிஸ்கேப்' என்று பெயரிட்டனர். அதுமுதல், அந்தந்த நிலத்துக்குரிய செடியை அந்தந்த நிலத்திலேயே வளர்த்தல் என்னும் கருத்து பரவியது. டெக்சஸ் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் ஆய்வு நிலையத்தில் பென்னி சிம்சன் என்னும் அறிஞர் இப்புதர்களைத் தேர்ந்து பெருக்கி, பல வகைகளைத் தோட்டக்காரருக்கு அளித்தார். மழைக்குப் பூக்கும் செடியன்றோ? அவற்றுக்குப் 'பச்சை மேகம்', 'வெண் மேகம்', 'மழை மேகம்', 'இடி மேகம்' என்னும் பொருள்படப் பெயரிட்டார். இன்று அரிசோனாவின் பீனிக்ஸ் முதலிய பாலை நகரங்களில் வீட்டு வேலியாகவும் சாலையோரப் புதராகவும் இது நிற்கிறது. நம் நாட்டிலும் வறண்ட பகுதி நகரங்களில் நாற்றுப் பண்ணைகள் சிலவற்றில் இது கிடைக்கிறது. வாங்கி வளர்க்க விரும்புவோர் ஒன்றை நினைவிற் கொள்க. முழு வெயிலும் நீர் தேங்காத மண்ணும் இதற்குப் போதும். நீரை மிகுதியாக ஊற்றினால் வேர் அழுகிச் செடி மடியும். நிழலில் வைத்தால் கிளை நெடிது ஒல்கிப் பூ குறையும். அளவு மீறிய பராமரிப்பே இதற்குப் பகை.

டெக்சஸ் சட்டமன்றம் 1997-இல் தன் மாநிலப் புதராகத் தேர்ந்தது 'கிரேப் மிர்ட்டில்' என்னும் பூஞ்செடியை. அதன் தாவரவியல் பெயரிலேயே 'இண்டிகா' என்னும் அடைமொழி உண்டு. ஆசியாவிலிருந்து சென்று அந்நாட்டுத் தோட்டங்களில் வேரூன்றிய செடி அது. பின்பு 2005-இல், மண்ணுக்கே உரிய புதருக்கும் ஒரு சிறப்புத் தர வேண்டும் என்று எண்ணி, சாம்பற் செடியை 'மாநிலத்தின் இயற்புதர்' என்று அறிவித்தது. வந்த செடிக்கு முதல் மரியாதை. இருந்த செடிக்கு எட்டாண்டு கழித்து மரியாதை. இரண்டும் இன்று ஒரே மாநிலத்தின் சின்னங்களாக நிற்கின்றன.

தெரான் மாண்ட பாடில்லாவை இன்று காண விரும்புவோர் அதனை எளிதிற் காண இயலாது. 1970-களின் தொடக்கத்தில் விசென்டே கெர்ரேரோ அணை கட்டப்பட்டபோது அப்பழைய ஊர் நீரில் மூழ்கியது. மக்கள் புதுப் பாடில்லாவுக்குக் குடிபெயர்ந்தனர். கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலின் சுவர்கள் வெளியே தெரியும். மழை வந்தால் அவை மீண்டும் மறையும். அதே மழைக்குத் தமௌலிபாஸ் நிலத்துச் சாம்பற் செடிகள் பூக்கும்.

ஒரு செடிக்கு யார் பெயரிடுவது, ஒரு நிலத்துக்கு யார் எல்லையிடுவது என்னும் இரண்டு வினாக்களும் ஒரே காலத்தில், ஒரே குழுவினரின் கையில் வந்து சேர்ந்தன. எல்லையை அளந்தவர் அதனைக் காக்க முடியாமல் மாண்டார். பெயரிட்டவர் பழியுடன் மறைந்து, காலம் கடந்து நற்பெயர் பெற்றார். பெயரில் ஒரு பாதி போயிற்று. ஒரு பாதி நிலைத்தது. இவ்விருவரையும் அறியாத தோட்டக்காரர் ஒருவர், எங்கோ ஒரு வறண்ட நகரத்தில், இன்று காலையும் அச்செடியை நட்டிருப்பார். அதன் சாம்பல் நிற இலையை நேயர்களாகிய நீங்கள் உங்கள் ஊரில் எங்கேனும் காண நேர்ந்தால், டெக்சஸ் நாட்டின் வெயிலில் தாள்களுக்கிடையே அதனை முதன்முதல் அழுத்தி வைத்த அந்த அயலூர் இளைஞரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.